ஸலாம் கொடுத்த பின்

முஸ்லிம் பாத்திரம் தொழாமல் முடியும் படம் தமிழ்த்திரையில் அரிது. தொப்பி, பச்சை வண்ணச் சுவர், அதில் தொங்கும் கஅபாவின் படம், தூரத்துப் பாங்கோசை ஆகியவற்றை வைத்துவிட்டு ஒரு ஸுஜூதையும் சேர்த்துவிட்டால் பாத்திரப் படைப்பு நிறைவுற்றதாக நம் இயக்குநர்கள் பலர் கருதுகிறார்கள். இந்தக் குறைகூறல் நமக்குப் புதிதன்று. மேடைகளிலும் நமது இதழ்களிலும் முப்பது ஆண்டுகளாகச் சொல்லிச் சலித்தது. ஆயினும் கடந்த சில மாதங்களில் தொலைக்காட்சியிலும் இணையவழித் திரைத்தளங்களிலும் பழையதும் புதியதுமாகப் பார்க்க வாய்த்த சில படங்களும் தொடர்களும், அக்குறைகூறலை வேறொரு கேள்வியாக மாற்றிக்கொள்ளத் தூண்டின. ஒரு பாத்திரம் தொழுகிறது. வலமும் இடமும் முகம் திருப்பி ஸலாம் கொடுக்கிறது. அதற்கு அடுத்த காட்சியில் அது என்ன செய்கிறது?

இக்கேள்விக்கு மார்க்கத்தில் ஓர் அடிப்படை உண்டு. தக்பீர் கட்டியவுடன் உலகியல் செயல்கள் தடைப்படுகின்றன. ஸலாம் கொடுத்தவுடன் அவை மீண்டும் ஆகுமாகின்றன. தொழுதவன் மனிதர்களிடையே திரும்பி வரும் வாயில் அது. அவன் முதலில் காண்பது தன் வலப்புறம் அமர்ந்திருப்பவரின் முகத்தை. ஜுமுஆ அத்தியாயத்தின் 10ஆம் வசனம், தொழுகை நிறைவேறியதும் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடுமாறு பணிக்கிறது. அத்தேடலை வணிகம், உழைப்பு, வாழ்வாதாரம் என விரிவுரையாளர்கள் விளக்கியுள்ளனர். நாளொன்றுக்கு ஐந்து முறை நிகழும் இந்தத் திரும்புதல், கடை திறப்பதாகவோ, சோறு வடிப்பதாகவோ, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதாகவோதான் நம் வீடுகளில் அமைகிறது. திரையில் அது எவ்வாறு அமைகிறது என்று பார்க்கத் தொடங்கினால், படங்களின் தரம் குறித்த நம் அபிப்பிராயங்களே சற்று இடம் மாறுகின்றன. கீழே வருபவை முறையான திரைத் திறனாய்வு அல்ல. பார்வையாளன் ஒருவனின் அபிப்பிராயங்கள் என்ற அளவிலேயே அவற்றைக் கொள்ளவேண்டும்.

மணிரத்னத்தின் 'ரோஜா' (1992) இன்றும் தொலைக்காட்சியில் அடிக்கடி வருகிறது. அதில் தேசியக்கொடி எரிக்கப்படும் காட்சி யாவரும் அறிந்தது. கைதியாக இருக்கும் கதாநாயகன் எரியும் கொடியின் மீது பாய்ந்து தன் உடலால் தீயை அணைக்கிறான். அவ்வேளையில் போராளித் தலைவன் லியாகத் தொழுதுகொண்டிருக்கிறான். இவ்விரண்டையும் படத்தொகுப்பு மாறி மாறி அடுக்குகிறது. ஒருபுறம் தீயும் கொடியும். மறுபுறம் அசையாத ருகூவும் ஸுஜூதும். தொழுகிறவன் அக்காட்சியில் எத்தீங்கும் செய்யவில்லை. ஆனால் தீயின் பொருள் அவனுடைய ஸுஜூதின் மீது படிந்துவிடுகிறது. ஆய்வாளர் தேஜஸ்வினி நிரஞ்சனா 1994இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' ஏட்டில் இப்படத்தைக் குறித்து எழுதிய கட்டுரையும் அதைத் தொடர்ந்த விவாதமும் அறிவுலகில் பெரிதும் பேசப்பட்டன. லியாகத் இறுதியில் மனம் மாறிக் கதாநாயகனை விடுவிக்கிறான் என்பதை நேர்மையாகச் சொல்லவேண்டும். எனினும் மனமாற்றத்தைப் பார்வையாளர் மறந்துவிடுவர். கொடிக்கும் தொழுகைக்கும் இடையே போடப்பட்ட அந்த வெட்டை மறக்கமாட்டார்கள். அடுத்த இருபது ஆண்டுகளுக்கு இந்த இலக்கணமே தமிழ்த்திரையில் நிலைத்தது.

இருபது ஆண்டு என்பது மிகையன்று. 2012 நவம்பரில் வெளியான 'துப்பாக்கி', உறங்கும் நிலையில் நகரெங்கும் பதுங்கியிருக்கும் முஸ்லிம் இளைஞர்களைப் பற்றியது. எதிர்ப்புக்குப் பின் சில காட்சிகள் நீக்கப்பட்டன. அதற்கு மேல் அப்படத்தைப் பற்றிச் சொல்ல ஏதுமில்லை. 2013இல் வந்த கமல்ஹாசனின் 'விஸ்வரூபம்' அவ்வாறு ஒதுக்கிவிடத் தக்கதன்று. தமிழக அரசின் தடை, நீதிமன்ற வழக்கு, பேச்சுவார்த்தை, சில இடங்களில் ஒலி நீக்கம் என்று பதினைந்து நாள் கொந்தளிப்புக்குப் பின் பிப்ரவரி 7ஆம் நாள் அது தமிழகத்தில் திரைக்கு வந்தது. நம்மவர் எதிர்த்தது அதன் ஆப்கானிஸ்தான் காட்சிகளை. ஆனால் இப்போது அமைதியாக அமர்ந்து பார்க்கும்போது உறுத்துவது வேறொன்று. நாயகன் விஸாம் அஹ்மத் முஸ்லிம், கதக் நடனம் ஆடுபவர், மென்மையானவர், நல்லவர். அவர் பிடிபட்டு, கைகள் கட்டப்பட்ட நிலையில், தொழுதுகொள்ள அனுமதி கேட்கிறார். கட்டு அவிழ்க்கப்படுகிறது, தொழுகிறார். அடுத்த சில நொடிகளில் அந்த அறை பிணக்காடாகிறது. திரையரங்கில் கைதட்டல் எழுந்த இடமும் அதுவே. வில்லனின் தொழுகைக்குப் பின் வன்முறை வருவதை எதிர்த்த நாம், நாயகனின் தொழுகைக்குப் பின்னும் அதுவே வந்ததைக் கவனிக்கவில்லை. கவனித்தவர்களுள் சிலர் பெருமிதம்கூட அடைந்தார்கள்.

இங்கே ஒரு சிறு விலகல். பழைய படங்களில் இந்த அச்சம் இல்லை. அங்கே இருந்தது வேறு வகை அறியாமை. பீம்சிங்கின் 'பாவ மன்னிப்பு' (1961) படத்தில் சிவாஜி கணேசன் ஏற்ற ரஹீம் கண்ணியமான பாத்திரம். அதன் பாடலொன்றில் நாகூர் ஈ. எம். ஹனீபாவின் குரலும் ஒலித்தது. எனினும் ரஹீம் பிறப்பால் முஸ்லிம் அல்லன் என்பதைக் கதை முன்னமே நமக்குச் சொல்லிவிடுகிறது. மற்றப் படங்களில் வந்த 'பாய்'களோ 'நம்பள்', 'நிம்பள்' என்று உலகில் எங்கும் வழங்காத ஒரு தமிழைப் பேசினார்கள். உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடி முந்நூறு ஆண்டுகள் கழிந்த பிறகும், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு சமூகத்தைத் திரை அந்நியக் கொச்சையில் பேசவைத்தது. காயல்பட்டினத்துப் பேச்சோ மேலப்பாளையத்துப் பேச்சோ கேட்கும் ஒரு படத்தை இன்றுவரை நான் கண்டதில்லை. நாசர், அமீர், ஏ. ஆர். ரஹ்மான் என நம்மவர் பலர் அத்துறையில் முன்வரிசையில் இருந்தும் இந்நிலை. கீழக்கரையில் பிறந்த ராஜ்கிரணைக்கூடத் தமிழ்த்திரை நாட்டுப்புறத்துப் பெரிய மனிதராகத்தான் கண்டுகொண்டது. மரைக்காயர் வீட்டுத் திண்ணையில் அமர்த்திப் பார்க்கவில்லை. 'பம்பாய்' (1995) படத்தில் நாசர் இந்துத் தந்தையாகவும், கிட்டி முஸ்லிம் தந்தை பஷீராகவும் நடித்தது நல்ல நோக்கத்துடன் செய்யப்பட்ட மாற்றம். அதே கிட்டி 28 ஆண்டுகளுக்குப் பின் 'ஃபர்ஹானா'வில் மீண்டும் முஸ்லிம் தந்தையாக வருகிறார். நல்ல நடிகர். ஆயினும் ஒரு தலைமுறை கடந்த பின்னும் கண்டிப்பான முஸ்லிம் தந்தைக்கு அதே முகம்தானா என்று கேட்கத் தோன்றுகிறது.

அண்மைப் படங்களில் ஒரு மாற்றம் உண்டு. ஐயத்துக்கு ஆளாகும் முஸ்லிமின் பக்கம் நின்று கதை சொல்லும் முயற்சி 2021இல் 'மாநாடு' வாயிலாகப் பெரும் வெற்றி கண்டது. அப்துல் காலிக் என்ற பெயரில் ஒரு முன்னணி நடிகர் நாயகனாக வந்ததே ஒரு செய்திதான். ஒரு நிரபராதி முஸ்லிமின் மீது பழி சுமத்திக் கலவரம் மூட்டத் தீட்டப்படும் சதியை, ஒரே நாளில் மீண்டும் மீண்டும் விழித்தெழும் நாயகன் முறியடிக்கிறான். வெங்கட் பிரபுவின் திரைக்கதை சாமர்த்தியமானது, எஸ். ஜே. சூர்யாவின் வில்லத்தனம் சிரிக்கவைக்கிறது. காலச்சுழலுக்கான காரணத்தை உஜ்ஜயினிக் கோயிலோடு இணைத்திருப்பதைச் சிலர் குறையாகச் சொன்னார்கள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. வெகுசனப் படம் தன் பார்வையாளருக்குத் தெரிந்த புராணத்தைத்தான் எடுத்தாளும். என் மனக்குறை வேறு. அப்துல் காலிக்கின் இஸ்லாம் சதிகாரர்களின் கணக்கில் ஒரு பொருளாக இருக்கிறதேயன்றி, அவனுடைய நாளில் ஒரு பொருளாக இல்லை. அத்தனை முறை விடியும் ஒரு நாளில் அவனுக்கென்று ஒரு வாழ்க்கை இல்லை.

'எஃப்.ஐ.ஆர்' (2022) இதைவிட வருத்தம் தருவது; ஏனெனில் பாதித் தொலைவு அது சரியாகவே சென்றது. இர்ஃபான் அஹ்மத் என்ற பொறியாளர் தேடப்படும் பயங்கரவாதியாகக் கருதப்பட்டு வதைபடும் பகுதிகள் நெஞ்சை அழுத்துகின்றன. பிறகு ஒரு திருப்பம்: அவன் உண்மையில் அரசின் இரகசிய உளவாளியாம். இயக்குநர் இதை நமக்கு அளிக்கும் பரிசாக நினைத்திருக்கக்கூடும். ஆனால் அந்த நொடியில் படம் தான் சொல்லிவந்ததையே திரும்பப் பெற்றுக்கொள்கிறது. முஸ்லிம் இளைஞன் வெறுமனே நிரபராதியாக இருப்பது போதாது. அரசு ஊதியம் பெறும் நிரபராதியாக இருந்தால்தான் பார்வையாளர் அவனை மன்னிப்பார்கள் என்ற அச்சம் அந்தத் திருப்பத்தில் தெரிகிறது. வேலை கிடைக்காமலும் வாடகை வீடு கிடைக்காமலும் அலையும் நம் பிள்ளைகளுள் எவரும் உளவாளி அல்லர். அவர்களுடைய குற்றமின்மைக்கு இப்படம் என்ன சான்று தருகிறது?

இனிச் சொல்லப்போவது நம் வாசகர்களுள் சிலருக்கு உவப்பாக இராது. துருக்கி அரசுத் தொலைக்காட்சி 2014 முதல் 2019 வரை ஒளிபரப்பிய 'திரிலிஷ் எர்துருல்' நம் வீடுகளில் பெற்ற வரவேற்பு சாதாரணமானதன்று. 2020 ரமளானில் பாகிஸ்தான் தொலைக்காட்சி அதை உருதுவில் வெளியிட்டது. ஊரடங்குக் காலத்தில் மொழி புரியாத பெரியவர்கள்கூட இரவெல்லாம் விழித்திருந்து பார்த்தார்கள். பேரன்மார் மரவாள் கேட்டார்கள். திரையில் நம்மவர் வெற்றி பெறுவதைக் காணும் பசி எத்தனை ஆழமானது என்பதை அது காட்டியது. அந்தப் பசியை எள்ளி நகையாட நான் துணியமாட்டேன். தயாரிப்பும் நேர்த்தியானது, குதிரைகளும் கூடாரங்களும் கண்ணுக்கு நிறைவு. ஆயினும் கேள்வியை இங்கும் கேட்டாக வேண்டும். எர்துருல் தொழுகிறார், ஸலாம் கொடுக்கிறார், வாள் உறையிலிருந்து வெளிவருகிறது. தொழுகை போருக்கான ஆயத்தம். 'ரோஜா'வின் இலக்கணமும் இதுவே. குறி மட்டும் மாறியிருக்கிறது. அங்கே அச்சுறுத்தியது இங்கே புல்லரிக்க வைக்கிறது. தொழுகையையும் ஆயுதத்தையும் ஒரே மூச்சில் காணும் பழக்கம் இரண்டுக்கும் பொது.

வரலாறும் இத்தொடருக்கு அவ்வளவாகத் துணை நிற்பதில்லை. உஸ்மானின் தந்தை என்பதைத் தாண்டி எர்துருலைப் பற்றி உறுதியாகத் தெரிந்தவை மிகச் சொற்பம். ஷைகு இப்னு அரபி 1240இல் திமிஷ்கில் மறைந்தவர்; அவர் எர்துருலின் கூடாரத்துக்கு வந்து அருள்வாக்குச் சொன்னார் என்பதற்குச் சான்று கிடையாது. 'ஃபுதூஹாத்' நூலின் கடலாழத்தை ஒரு வெண்தாடியிலும் மென்புன்னகையிலும் அடக்கிவிட்ட அந்தப் பாத்திரத்தைப் பார்க்கையில், மறந்துபோன அறிஞர் ஒருவர் மக்களுக்கு மீண்டும் அறிமுகமானாரே என்று மகிழ்வதா, இவ்வாறா அறிமுகமாகவேண்டும் என்று வருந்துவதா எனத் தெரியவில்லை.

அரபுத் தொடரான 'உமர்' வேறு தளத்தில் நிற்பது. 2012 ரமளானில் எம்.பி.சி.யும் கத்தர் தொலைக்காட்சியும் இணைந்து வெளியிட்ட இத்தொடரை வலீத் ஸைஃப் எழுதினார்; ஹாதிம் அலீ இயக்கினார். நான்கு கலீஃபாக்களையும் நடிகர்கள் சித்திரிக்கலாகாது என்று அல்அஸ்ஹர் எதிர்த்தது. யூசுஃப் அல்கர்ளாவி, ஸல்மான் அல்அவ்தா உள்ளிட்ட அறிஞர் குழு எழுத்துப்படியைப் பரிசீலித்து ஒப்புதல் தந்தது. இரு தரப்பிலும் மதிக்கத்தக்க வாதங்கள் உள்ளன. அவற்றைத் தீர்க்கும் தகுதி எனக்கில்லை. பார்வையாளனாகச் சொல்ல முடிந்தது ஒன்று: இத்தொடரின் வலிமை அதன் உரையாடல்களில் இருக்கிறது. அறபுமொழியின் கம்பீரம் காதில் விழுந்தால் போதும், காட்சியின் குறைகள் மறைந்துவிடுகின்றன. ஆனால் உமர் (ரலி) அவர்கள் சுபுஹுத் தொழுகையில் குத்துண்ட அந்த விடியலை ஸஹீஹுல் புகாரியின் அறிவிப்பில் படித்தவனுக்கு எந்தக் காட்சியும் போதாது. குத்துண்ட நிலையில் அவர்கள் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களின் கையைப் பிடித்து இமாமாக முன்னிறுத்துகிறார்கள். தொழுகை சுருக்கமாக நிறைவேற்றப்படுகிறது. பள்ளியின் ஓரங்களில் நின்றவர்களுக்கு நடந்தது தெரியாது. உமரின் குரல் நின்றுபோனதை மட்டும் உணர்ந்து தஸ்பீஹ் சொல்கிறார்கள். வன்முறை தொழுகையின் மீது வந்து விழுந்த வேளையிலும் தொழுகை முழுமை பெற்று ஸலாம் கொடுக்கப்பட்டது. அந்தக் கடைசி வரிசைக்காரனின் செவியிலிருந்து இதைப் படமாக்கத் துணியும் இயக்குநர் இனிமேல்தான் வரவேண்டும்.

முஸ்தஃபா அக்காதின் 'தி மெஸேஜ்' (1976) பற்றி நம்மில் அறியாதார் இல்லை. ஒவ்வொரு காட்சியும் இருமுறை, அறபு நடிகர்களைக் கொண்டும் ஆங்கிலம் பேசும் நடிகர்களைக் கொண்டும் படமாக்கப்பட்டது. நபி (ஸல்) அவர்களின் உருவமோ குரலோ அதில் இல்லை. ஒளிப்பதிவுக் கருவியே அவர்களின் இடத்தில் நின்றது. இந்தத் தன்னடக்கம் இப்போதும் வியப்பளிக்கிறது. அத்தனைக்கும் பின், அந்தோனி குவின் நபியாக நடிக்கிறார் என்ற பொய் வதந்தி பரவியது. 1977 மார்ச்சில் வாஷிங்டன் நகரில் கட்டடங்களைக் கைப்பற்றிப் பிணையாளிகளை வைத்த ஒரு குழு முன்வைத்த கோரிக்கைகளுள் இப்படத்தை நிறுத்தவேண்டும் என்பதும் ஒன்று. குவின் ஏற்றதோ ஹம்ஸா (ரலி) அவர்களின் பாத்திரத்தை. படத்தைப் பாராமலே அதன்மீது கோபம் கொள்ளும் வழக்கத்துக்கு நம்மிடையே நீண்ட மரபு இருக்கிறது. அக்காத் 2005 நவம்பரில் அம்மான் விடுதிக் குண்டுவெடிப்பில் தம் மகளோடு உயிரிழந்தார். முஸ்லிம்களின் பெயரால் செய்யப்பட்ட குண்டுவெடிப்பு அது.

ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதியின் இரு படங்களை அடுத்தடுத்துப் பார்த்தது ஒரு நல்ல தற்செயல். 2015இல் வந்த 'முஹம்மத்: இறைவனின் தூதர்' பிரம்மாண்டமானது. ஒளிப்பதிவு விட்டோரியோ ஸ்டொராரோ, இசை ஏ. ஆர். ரஹ்மான். இப்படத்துக்கு இசையமைத்ததற்காக மும்பை ரஸா அகாடமி ரஹ்மானுக்கு எதிராக ஃபத்வா வெளியிட்டதும், அவர் பணிவோடு விளக்கமளித்ததும் அவ்வாண்டு செப்டம்பரில் பெரிதாகப் பேசப்பட்டன. அதன் சட்டப் பக்கத்தை ஆலிம்கள் பார்த்துக்கொள்ளட்டும். கலைப்படைப்பாக அது என்னை ஏமாற்றியது. ஒளி வெள்ளம், வான்மேகம், கடலே மீன்களைக் கரைக்கு அள்ளி வீசும் அதிசயம் என்று ஒவ்வொரு காட்சியும் நம்மை வியக்கச் சொல்லி வற்புறுத்துகிறது. வற்புறுத்தலில் வியப்பு பிறப்பதில்லை.

இதே மஜீதி 1997இல் எடுத்த 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' படத்தில் ஒரு காட்சி. ஏழைத் தந்தை தம் வீட்டுத் தரையில் அமர்ந்து பெரிய சர்க்கரைக் கட்டிகளைச் சிறு துண்டுகளாக உடைத்துக்கொண்டிருக்கிறார். பள்ளிவாசலில் தேநீருக்காக அவரிடம் ஒப்படைக்கப்பட்ட சர்க்கரை அது. சிறுமி ஸஹ்ரா அவருக்குத் தேநீர் கொண்டுவருகிறாள். சர்க்கரை எங்கே என்று அவர் கேட்கிறார். இவ்வளவு சர்க்கரை இங்கே இருக்கிறதே என்கிறாள் மகள். இது பள்ளிவாசலுடையது, நம்மிடம் அமானிதம் என்று சொல்லி, வீட்டுச் சர்க்கரையைக் கொண்டுவரச் சொல்கிறார். அவ்வளவுதான். உரக்க ஒரு சொல் இல்லை; இசை இல்லை. மகளின் செருப்பு தொலைந்ததைத் தந்தையிடம் சொல்ல அஞ்சி, அண்ணனும் தங்கையும் ஒரே இணைக் காலணியை மாற்றி மாற்றி அணிந்து பள்ளிக்கு ஓடும் வறுமை அந்த வீட்டில் இருக்கிறது என்பதை நினைவில் கொண்டால் அந்த ஒரு துண்டுச் சர்க்கரையின் எடை தெரியும்.

மாஊன் அத்தியாயம் தொழுகையாளிகளைப் பற்றிக் கடுமையாகப் பேசுவது. தம் தொழுகையில் கவனமற்றோரையும், பிறர் காணவேண்டித் தொழுவோரையும் எச்சரித்துவிட்டு, அல்ப வீட்டுப் பொருள்களைக்கூடப் பிறருக்குத் தர மறுப்பவர்களைச் சுட்டி அது முடிகிறது. உப்பு, பாத்திரம், வாளி போன்ற சிறு பொருள்களை 'மாஊன்' என்று விரிவுரையாளர்கள் விளக்குவர். தொழுகையையும் சமையலறைச் சாமானையும் ஒரே மூச்சில் பேசும் அத்தியாயம் இது. மஜீதியின் தந்தை அக்காட்சியில் தொழவில்லை. ஆனால் ஸலாம் கொடுத்த பின் ஒரு முஃமின் எவ்வாறு அமர்ந்திருப்பான் என்பதற்கு, மேலே பேசிய அத்தனைத் தொழுகைக் காட்சிகளையும்விட இது நெருக்கமான சித்திரம்.

இவ்வகைச் சித்திரங்கள் நமக்கு மிக அருகிலேயே, மலையாளத்தில் எடுக்கப்படுகின்றன. ஸகரிய்யா இயக்கிய 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' (2018) மலப்புறத்து எழுவர் கால்பந்துக் களத்தைப் பற்றியது. காயமுற்ற ஆப்பிரிக்க வீரன் சாமுவேல் ஒரு முஸ்லிம் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறான். அவனுடைய மொழி அறியாத இரண்டு மூதாட்டிகள் அவனைப் பேணுகிறார்கள். அவர்கள் தொழுகிறார்கள், தொழுது முடித்து அவனுக்குக் கஞ்சி தருகிறார்கள், வம்பளக்கிறார்கள், அழுகிறார்கள். மதநல்லிணக்கம் என்ற சொல் எங்கும் ஒலிப்பதில்லை. இன்னொரு இழை இதனினும் நுட்பமானது. தாயின் இரண்டாம் கணவரை ஏற்காத மகன் மஜீத், அவரோடு முகம் கொடுத்துப் பேசாமல் ஆண்டுகளைக் கழித்திருக்கிறான். வாசலுக்கு வந்துவிட்டு உள்ளே நுழையத் தயங்கும் அந்த முதியவராக நடித்த கே.டி.சி. அப்துல்லா, படம் வெளிவந்த அதே ஆண்டில் காலமானார். விதவை மறுமணத்தை மார்க்கம் அனுமதிக்கிறது என்று மேடையில் முழங்கும் நாம், அந்த முதியவர் வாசலில் நிற்கும் காட்சியைக் கண்டு சற்றுத் தலைகுனியவேண்டும். தேசிய விருது பெற்ற இப்படத்தின் குழுவினர், 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து அவ்விருது விழாவைப் புறக்கணித்தனர்.

ஸகரிய்யாவின் அடுத்த படம் 'ஹலால் லவ் ஸ்டோரி' (2020) நம் வாசகர்கள் அவசியம் பார்க்கவேண்டியது. நம்மைப் போன்றவர்களைப் பற்றியே எடுக்கப்பட்டது என்று சொன்னாலும் தகும். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் மலப்புறத்து இஸ்லாமிய இயக்கம் ஒன்று, மார்க்க வரம்புக்குள் ஒரு படம் எடுக்க முனைகிறது. கற்பனையன்று இது. ஸலாம் கொடியத்தூர் போன்றோர் அக்காலத்தில் 'ஹோம் சினிமா' என்ற பெயரில் குறுந்தகடுகளாக வெளியிட்ட படங்கள் மலபார் வீடுகளிலும் வளைகுடாவிலும் பரவலாகப் பார்க்கப்பட்டன. திரையரங்குக்குப் போகாத பெண்கள் அவற்றின் முதன்மைப் பார்வையாளர். கணவன் மனைவியாக நடிப்பவர்கள் உண்மையிலும் கணவன் மனைவியாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து இப்படத்தின் சிரிப்பும் வலியும் பிறக்கின்றன. ஷரீஃபும் ஸுஹ்ராவும் தம்பதிகள். நடிப்புப் பயிற்சியில் மனைவி தேர்ந்தவளாக வெளிப்படுகிறாள். கணவனால் அதைத் தாங்க இயலவில்லை. பல ஆண்டுகளாகப் பேசப்படாதிருந்தவை பயிற்சியின் பெயரால் வெளியே வருகின்றன. கூலிக்கு அமர்த்தப்பட்ட இயக்குநர் சிராஜோ குடிக்கும் வழக்கமுள்ளவர், மணவாழ்க்கை முறிந்துகொண்டிருப்பவர். இயக்கத்தார் அவரை ஒதுக்கவும் முடியாமல் திருத்தவும் முடியாமல் திணறுகிறார்கள்.

இப்படம் பக்தர்களைக் கேலி செய்கிறது என்று சிலரும், அவர்களுக்கு வக்காலத்து வாங்குகிறது என்று சிலரும் சொல்லக் கேட்டேன். இரண்டும் எனக்கு உடன்பாடில்லை. எது ஹராம் என்று தயங்கித் தயங்கி ஆலோசிக்கும் அந்த மனிதர்களின் தயக்கத்தைப் படம் மதிக்கிறது. ஹலால் என்ற சொல்லை அது கடைசியில் ஸுஹ்ராவின் மனக்காயத்தின் பக்கம் கொண்டுபோய் நிறுத்துகிறது. நடிகையின் கையை அந்நிய ஆண் தொடக்கூடாது என்று இத்தனை கவலைப்படுபவர்கள், கணவன் அவளை எவ்வாறு நடத்துகிறான் என்று ஏன் கேட்கவில்லை? பிற்பாதியில் படம் சற்றுத் தளர்கிறது; சிராஜின் கதைக்கு இன்னும் இடம் தந்திருக்கலாம். கிரேஸ் ஆண்டனியின் நடிப்பு அக்குறையை ஈடுசெய்கிறது.

தமிழில் இது ஏன் நிகழவில்லை என்ற கேள்விக்கு, நம்மிடம் கதைகள் இல்லை என்பது விடையாகாது. தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988இல் நூலாக வந்துவிட்டது. 'சாய்வு நாற்காலி' 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஸல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல் வந்தது. பணமும் நம்மிடம் இல்லாமலில்லை. மலபாரில் நல்லதோ கெட்டதோ ஒரு குறுந்தகட்டுப் பயிற்சிக்காலம் இருந்தது. ஒளிப்பதிவுக் கருவியைக் கையில் எடுத்துத் தவறு செய்து கற்றுக்கொள்ள அங்கே ஊர் அனுமதித்தது. நம் ஜமாஅத்துகள் கருவியை அஞ்சின. அதே வேளையில் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சித் தொடர்கள் ஓடின. எடுப்பது ஹராம், பார்ப்பது பழக்கம் என்ற இந்த விசித்திர சமரசத்தில் ஒரு தலைமுறை கழிந்தது.

எனவே, நெல்சன் வெங்கடேசனின் 'ஃபர்ஹானா' (2023) எத்தனை குறையுடையதாயினும் அதைக் குறிப்பிடாமல் முடிக்க மனமில்லை. முன்னோட்டம் வெளியானதும் வழக்கம்போல் எதிர்ப்பு எழுந்தது. தயாரிப்பு நிறுவனம் விளக்க அறிக்கை வெளியிட நேர்ந்தது. பர்தா அணிந்த பெண் கால் சென்டரில் வேலை பார்ப்பதாகக் காட்டுவதே இழிவு என்ற தொனியில் பேசியவர்கள், சென்னையில் அவ்வாறு வேலைக்குப் போய்க் குடும்பம் காக்கும் நம் பெண்களை எங்கே வைத்தார்கள் என்று தெரியவில்லை. ஐஸ்வர்யா ராஜேஷ் ஏற்ற ஃபர்ஹானா குடும்பத்தின் பணமுடையால் வேலைக்குச் செல்பவள். தந்தை தடுக்கிறார், கணவன் கரீம் துணை நிற்கிறான். இந்தக் கரீம்தான் என்னைக் கவர்ந்தவன். தமிழ்த்திரையில் முஸ்லிம் கணவன் என்றால் மூன்று தலாக், சந்தேகம், அடி என்று எதிர்பார்த்துப் பழகிய நமக்கு, ஜித்தன் ரமேஷ் குரலை உயர்த்தாமல் நடித்திருக்கும் இந்தச் சாதாரண நல்லவன் புதியவன். அவன் உளவாளியும் அல்லன், தியாகியும் அல்லன். பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறான், மனைவியை வேலைக்கு அனுப்பிவைக்கிறான், அவள் சொல்வதை நம்புகிறான்.

கூடுதல் ஊதியத்துக்காக அவள் வேறொரு பிரிவுக்கு மாறி, முகமறியா ஆண்களோடு உரையாடத் தொடங்கிய பின், தொலைபேசியில் ஒரு குரல் கதையைப் பிடுங்கிக்கொள்கிறது. அதன்பின் வருவது நாம் பலமுறை கண்ட துரத்தலும் அச்சுறுத்தலும். அந்தக் குரல் வராமலே, மாதக் கடைசியில் அவளுடைய ஊதியம் வீட்டுக்கு வந்து, அதை மாமனாரும் மருமகனும் எவ்வாறு கையில் வாங்கிக்கொள்கிறார்கள் என்பதோடு படம் தொடர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். விநியோகஸ்தர்கள் வாங்கியிருக்க மாட்டார்கள். முன்னோட்டத்தைப் பார்த்துக் கொதித்தவர்களுக்கும் அதில் வேலை இருந்திருக்காது.